பறவை பார்க்கும் இடத்துக்குப் பணம் திரட்டுவது எப்படி? பினாங்கு ஊர்க் குழுக்களுக்கு முழுமையான வழிகாட்டி

தெலுக் ஆயர் தாவாரிலிருந்து குவாலா மூடா வரை நீளும் சேற்றுக்கரையைப் பட்டர்வொர்த்தில் இருபது முப்பது வருடம் குடியிருப்பவர்களே பலர் பார்த்ததில்லை. செப்டம்பர் தொடங்கி மார்ச், ஏப்ரல் வரை வடக்கே வெகு தூரத்திலிருந்து வரும் உள்ளான்களும் உப்புக்கொத்திகளும் கருவால் மூக்கன்களும் அங்கே இரை தேடுகின்றன. உலக அளவில் முக்கியமான பறவை வாழிடங்களின் பட்டியலில் உள்ள கரை அது. ரஷ்யாவின் தூரக் கிழக்கில், ஒகோட்ஸ்க் கடலோரத்தில் குஞ்சு பொரிக்கும் நோர்ட்மன் பச்சைக்காலி என்ற பறவையும் குளிர்காலத்துக்கு இங்கே வருகிறது. அழியும் ஆபத்தில் இருக்கும் இனம் அது. அதைப் பார்க்க உலகின் வேறு மூலைகளிலிருந்து ஆட்கள் விமானம் ஏறி வருகிறார்கள். நம் பிள்ளைகளோ பத்து நிமிட கார் தூரத்தில் இருந்துகொண்டு அதன் பெயரைக் கேட்டதில்லை.

இந்த நிலையை மாற்றப் பெரிய அரசாங்கத் திட்டம் எதற்கும் காத்திருக்க வேண்டியதில்லை. பத்துப் பேர் சேர்ந்த ஒரு குழு போதும். ஆனால் பணம் வேண்டும். அந்தப் பணத்தை எங்கே, எப்படி, எந்த வரிசையில் தேடுவது என்பதை எங்கள் குழு பட்ட பாட்டிலிருந்தே எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுவதற்குப் பணம் கிடைத்துவிடும், காப்பாற்றுவதற்குத்தான் கிடைக்காது. நாங்கள் முதன்முதலில் வைத்தது ஒரு தகவல் பலகை. திறப்பு விழா, ரிப்பன், படம் எல்லாம் நன்றாகவே நடந்தது. இரண்டு வருட வெயிலில் சிவப்பும் மஞ்சளும் வெளுத்துப்போய் நீலம் மட்டும் மிஞ்சியது. பலகையில் இருந்த செம்பருந்து நீலமாகிவிட்டது. பள்ளியிலிருந்து வந்த ஒரு சிறுமி அதைப் பார்த்துவிட்டு, “டீச்சர், நீலக் கலர் பருந்து எங்க இருக்கும்?” என்று கேட்டாள். புதிதாக அச்சடிக்கச் சில நூறு வெள்ளிதான் செலவு. அந்தச் சில நூறு வெள்ளிக்கு எங்கள் கணக்கில் இடமே இல்லை. பணம் கொடுத்த நிறுவனத்தின் திட்டம் முடிந்து ஒரு வருடமாகியிருந்தது. கீழே வரும் ஒவ்வொரு படிக்கும் பின்னால் அந்த நீலப் பருந்து இருக்கிறது.

படி 1: ஆறு மாதம் பாருங்கள், எண்ணுங்கள்

பணம் கேட்கப் போவதற்கு முன்னால் கையில் கணக்கு இருக்க வேண்டும். இரண்டு கணக்கு. பறவைக் கணக்கு ஒன்று, ஆள் கணக்கு ஒன்று.

பறவைக் கணக்குக்கு அலை அட்டவணை முக்கியம். நீர் வற்றிய நேரத்தில் போனால் பறவைகள் தொலைவில் புள்ளிகளாகத்தான் தெரியும். உச்ச நீர்மட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னால் போய் நில்லுங்கள். ஏறும் நீர் சேற்றை மூட மூடப் பறவைகள் கரைப்பக்கம் நகர்ந்து வரும். செபராங் பிறைக் கடற்கரை மேற்கு நோக்கியது. அதனால் காலை வெயில் உங்கள் முதுகில் விழும், பறவையின் நிறம் துல்லியமாகத் தெரியும். மாலையில் போனால் கண் கூசும், எல்லாப் பறவையும் கறுப்பாகத்தான் தெரியும். காலையில் நீர் ஏறும் நாட்களை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பார்த்ததை ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவுச் செயலியில் பதியுங்கள். தேதி, இடம், எண்ணிக்கையோடு எவரும் சரிபார்க்கக்கூடிய ஆவணமாக அது நிற்கும். ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, 1987-இலிருந்து நடந்து வருகிறது. மலேசிய இயற்கைச் சங்கத்தின் பினாங்குக் கிளையோடு தொடர்பு வைத்துக்கொண்டு அதில் கலந்துகொள்ளுங்கள். அனுபவம் உள்ளவர்களோடு ஒரு காலை நின்றாலே பத்துப் பறவையின் பெயர் பழகிவிடும்.

ஆள் கணக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். பணம் கொடுப்பவர் முதலில் கேட்பது இதைத்தான். எத்தனை பேர் வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், ஏன் திரும்பிப் போனார்கள்? இந்த மூன்றுக்கும் மூன்று நெடுவரிசை போட்ட ஒரு நோட்டு போதும். “நிழல் இல்லை”, “பாட்டியால் பண்ட் (கடலோரத் தடுப்புக் கரை) மேல் ஏற முடியவில்லை”, “தொலைநோக்கி இல்லாததால் ஒன்றும் தெரியவில்லை” என்று எழுதி வைத்த வரிகள் எங்கள் விண்ணப்பத்தில் நாங்கள் யோசித்து எழுதிய எந்தப் பத்தியையும் விட அதிகம் வேலை செய்தன.

படி 2: உண்மையில் என்ன தேவை?

குழு கூடியதும் முதலில் எழும் யோசனை கோபுரம். வேண்டாம் என்பதுதான் என் கருத்து. கோபுரத்தில் ஏறுபவரின் உருவம் வானத்தின் பின்னணியில் தெரியும், பறவை கலைந்துவிடும். நடக்க முடியாதவர்களும் முதியவர்களும் கீழேயே நிற்க வேண்டியிருக்கும். பராமரிப்போ தீராது. கடல் ஓரத்தில் உப்புக்காற்று ஆணியைத் தின்னும், கறையான் மரத்தைத் தின்னும்.

ஸ்டாண்டில் வைத்துப் பார்க்கும் தொலைநோக்கியான நல்ல ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்று, அதன் ஸ்டாண்டு, அருகில் நின்று விளக்கிச் சொல்லத் தெரிந்த ஒருவர். இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு காலையில் நாற்பது பிள்ளைகளுக்குப் பறவையின் கண்ணையே காட்டிவிடலாம். எங்கள் முதல் செலவு அதுதான். இன்றைக்கும் அதிகம் பயன்படுவதும் அதுதான்.

அதற்கு அடுத்தது மறைப்புத் தட்டி. நீப்பா ஓலையிலோ பலகையிலோ ஒரு சுவர், அதில் பார்ப்பதற்கு நீளவாக்கில் துளைகள். துளையின் உயரத்தில் கவனமாக இருங்கள். நின்று பார்க்கும் பெரியவர்களுக்குத் தரையிலிருந்து ஏறக்குறைய 150 சென்டிமீட்டர். சக்கர நாற்காலியில் இருப்பவரின் கண் மட்டம் 110-இலிருந்து 120 வரை, ஏழெட்டு வயதுப் பிள்ளைகளுக்கும் ஏறத்தாழ அதே உயரம்தான். ஆக இரண்டு வரிசைத் துளை போட்டால் எல்லாருக்கும் ஆயிற்று. துளைக்கு நேர் கீழே குறுக்குக் கட்டை வைக்காதீர்கள், நாற்காலியின் கால்மிதி இடிக்கும். தட்டியை மட்டும் வைத்துவிட்டு அதற்குப் போகும் வழியைத் திறந்தவெளியாக விட்டால் பயனில்லை. ஆள் நடந்து வரும்போதே பறவை எழுந்துவிடும். பல்லாயிரம் கிலோமீட்டர் திரும்பிப் பறக்கக் கொழுப்பு சேர்த்துக்கொண்டிருக்கும் பறவை அது. நம்மால் ஒருமுறை எழுந்து பறந்தாலும் அதற்கு நஷ்டம்தான். வழிக்கும் மறைப்பு வேண்டும், செடி நட்டாலே போதும்.

எல்லா இடத்துக்கும் தட்டி தேவைப்படாது. தண்ணீர்மலைக்குப் பக்கத்தில் தாவரப் பூங்காவில் லோத்தோங் மந்திகள் மரத்தில் நன்றாகவே தெரிகின்றன. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், குட்டி மட்டும் ஆரஞ்சு நிறம். அங்கே குறை என்னவென்றால் தீனி போடும் பழக்கமும் விளக்கிச் சொல்ல ஆள் போதாமையும்தான். அங்கே பணம் கேட்பதாக இருந்தால் வார இறுதி வழிகாட்டிகளின் பயிற்சிக்குக் கேளுங்கள். தெலுக் பஹாங்கில் 2019-இல் பழைய தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே ஒரு விதானப் பாலம் கட்டினார்கள். ‘லங்கூர் புரொஜெக்ட் பினாங்கு’ குழுவின் முயற்சி அது. மந்திகள் சாலையில் இறங்காமல் கடக்கின்றன, வழிப்போக்கர்களும் தலையை உயர்த்திப் பார்க்கிறார்கள். பல காலம் மந்திகள் எங்கே கடக்கின்றன என்று கவனித்த பிறகுதான் இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். படி 1-ஐ நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

படி 3: நிலம் யாருடையது?

பணத்தைத் தேடுமுன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். கடலோர பண்ட் பெரும்பாலும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் பொறுப்பு. அலையாத்திக் காடு வனக்காப்புப் பகுதியாக இருந்தால் வன இலாகா. அரசு நிலம் என்றால் மாவட்ட நில அலுவலகம், நிலத்தைத் தற்காலிகமாகப் பயன்படுத்தும் உரிமம் (TOL) தேவைப்படலாம். எதையாவது கட்டுவதென்றால் செபராங் பிறை மாநகர் மன்றம், தீவுப் பக்கம் என்றால் பினாங்கு மாநகர் மன்றம். 2003-இல் அரசிதழில் வந்த பினாங்கு தேசியப் பூங்காவுக்குள் என்றால் வனவிலங்கு, தேசியப் பூங்கா இலாகாவான பெர்ஹிலித்தான்.

ஆதரவுக் கடிதம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். கடிதம் இல்லாத விண்ணப்பத்தைப் பெரிய நிதி அமைப்புகள் பக்கத்தில் வைத்துவிடும். ஆகவே ஸ்கோப்போடு நடைப்பயணம் நடத்திக்கொண்டிருக்கும்போதே கடிதத்துக்கு எழுதிவிடுங்கள்.

எந்த இலாகாவுக்கும் முன்னால் மீனவர்களிடம் பேசுங்கள். படகு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் தட்டி வைக்கப் போகிறோம் என்றால் அது அவர்கள் வாசல். எங்களுக்கு இடத்தைக் காட்டியவரே ஒரு மீனவர்தான். “அங்கே வேண்டாம், பெருநீர் நாளில் தண்ணீர் ஏறிவிடும்” என்று அந்தப் பாக்சிக் (மலாய்ப் பெரியவர்) சொன்னதைக் கேட்டு இருபது மீட்டர் தள்ளி வைத்தோம். நாங்கள் முதலில் குறித்த இடம் அந்த வருடமே இரண்டு முறை முழுகியது.

படி 4: யார் பெயரில் கேட்பது?

தனி நபர் கணக்குக்குப் பணம் வாங்காதீர்கள். நோக்கம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒருநாள் பேச்சு வரும்.

1966-ஆம் ஆண்டின் சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்தால் சங்கம் பதியலாம், விண்ணப்பம் இணையத்திலேயே. சட்டவிதிகளை எழுதும்போது இயற்கைப் பாதுகாப்பு, பொதுக் கல்வி என்ற நோக்கங்களைத் தெளிவாகச் சேருங்கள், பிறகு மாற்றுவது அலைச்சல். பணம் எடுக்க இரண்டு கையெழுத்து தேவை என்று வங்கியில் ஏற்பாடு செய்யுங்கள். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் ஆண்டறிக்கை அனுப்ப வேண்டும். அதைத் தவறவிட்ட சங்கம் நிதி கேட்கும்போது மாட்டிக்கொள்ளும்.

உடனே பதிய வேண்டும் என்பதில்லை. முதல் ஒன்றிரண்டு வருடம் ஏற்கனவே இருக்கும் அமைப்பின் நிழலில் செய்வதே நல்லது. கிராமச் சமூக நிர்வாக மன்றம், குடியிருப்பாளர் சங்கம், தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் எதுவானாலும் சரி. பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. ஒரு பள்ளியின் அறிவியல் கழகத்தோடு கைகோத்தால் பிள்ளைகளும் வருவார்கள், நிதி கொடுப்பவருக்கும் பயனாளி யார் என்பது கண்ணுக்குத் தெரியும்.

படி 5: ஐந்து வருடக் கணக்கு

பட்ஜெட் தாளில் இரண்டு பகுதி போடுங்கள். இடப்பக்கம் ஒருமுறைச் செலவு: ஸ்கோப், தட்டி, பலகை, போக்குவரத்து. வலப்பக்கம் ஐந்து வருடம் தொடர்ந்து வரும் செலவு: பலகை மறு அச்சு, ஓலை மாற்றுவது, காப்புறுதி, வழிகாட்டிகளின் பயணப்படி, புல் வெட்டுவது, கணக்குத் தணிக்கை. வலப்பக்கத்தின் கூட்டுத்தொகை இடப்பக்கத்தை நெருங்கினால் பயப்படாதீர்கள். அதுதான் நிஜம். அதைப் பார்த்த பிறகு பெரும்பாலும் இடப்பக்கத்தைத்தான் சுருக்க வேண்டியிருக்கும். எங்கள் இரண்டாவது விண்ணப்பத்தில் சிமெண்டு மேடையை அப்படித்தான் பட்டியலிலிருந்து நீக்கினோம்.

உழைப்பையும் கணக்கில் எழுதுங்கள். 12 பேர் மாதம் ஒருமுறை 4 மணி நேரம் வேலை செய்தால் வருடத்துக்கு 576 மணி நேரம். பல நிதித் திட்டங்கள் கேட்கும் “உங்கள் பங்கு என்ன?” என்ற கேள்விக்கு இது மதிப்புள்ள பதில். கோத்தோங் ரோயோங் என்ற கூட்டு உழைப்புக்கு வந்தவர்களின் கையெழுத்துப் பட்டியலைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். யாரோ இலவசமாகத் தந்த பலகை, லாரி, சாப்பாடு இவற்றுக்கும் மதிப்புப் போட்டு எழுதலாம்.

படி 6: யாரிடம், எதற்கு?

ஒரே இடத்தில் எல்லாவற்றையும் கேட்பதுதான் பெரிய தவறு. ஒவ்வொரு பணப்பைக்கும் ஒரு குணம் உண்டு.

சட்டமன்ற உறுப்பினரின் ஒதுக்கீடும் மாநகர் மன்றத்தின் சமூகச் செலவும் சின்னத் தொகைக்கு ஏற்றவை: கூடாரம், பலகை, பேருந்து வாடகை. விண்ணப்பம் ஒரு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம், மலாயில் எழுதுங்கள். செபராங் பிறையில் இன்னொரு வழியும் உண்டு. மக்களையே கூட்டி எதற்குச் செலவு செய்யலாம் என்று கேட்கும் பங்கேற்பு பட்ஜெட் முறை 2012-இலேயே இங்கே தொடங்கிவிட்டது. பினாங்கு பெண்கள் மேம்பாட்டுக் கழகம் அதை முன்னெடுத்தது. உங்கள் வட்டாரத்தில் அப்படி ஒரு கூட்டம் நடந்தால் குழுவின் பெண்களும் பிள்ளைகளும் போய்ப் பேசட்டும். “பிள்ளைகளோடு பத்திரமாக நடந்து போய் உட்கார ஓர் இடம்” என்ற கோரிக்கை அங்கே எடுபடும்.

பாயான் லெப்பாஸ், பத்து காவான் தொழிற்சாலைகளிடம் பொருளும் ஆளும் கேளுங்கள். ஸ்கோப் வாங்கித் தருவார்கள், ஒரு சனிக்கிழமை ஐம்பது ஊழியர்களை அனுப்புவார்கள். பண நன்கொடை என்றால் வரி விலக்கு பற்றிக் கேட்பார்கள், பதிலைத் தயாராக வைத்திருங்கள். வருமான வரிச் சட்டத்தின் 44(6) பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால், மொத்த வருமானத்தில் 10 விழுக்காடு என்ற வரம்புக்குள் கழித்துக்கொள்ளலாம். நிறுவனங்களுக்கு 34(6)(h) என்ற இன்னொரு பிரிவும் இருக்கிறது. முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற சமூகத் திட்டச் செலவுக்கு அது பொருந்தும், சுற்றுச்சூழல் பாதுகாப்பும் அதில் அடங்கும். சின்னக் குழு தானாகவே 44(6) வாங்க அலைவதை விட, அது ஏற்கனவே உள்ள அமைப்பைப் பங்காளியாக்கி அதன் வழியாகப் பணம் பெறுவது சுலபம்.

பெரிய தொகைக்கு ஐக்கிய நாடுகள் மேம்பாட்டுத் திட்டம் நடத்தும் உலகச் சுற்றுச்சூழல் நிதியின் சிறு மானியத் திட்டம் இருக்கிறது. சமூகக் குழுக்களுக்கென்றே உள்ள திட்டம் அது. நெடுங்காலம் அதன் உச்ச வரம்பு 50,000 அமெரிக்க டாலராக இருந்தது, இப்போதைய வரம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் சுருக்கக் கருத்துரு, அது தேறினால் முழு விண்ணப்பம். உங்கள் பங்காகப் பணமோ உழைப்போ காட்ட வேண்டும். 2015-இல் தொடங்கிய யாயாசான் ஹசானா என்ற அறக்கட்டளையும் சுற்றுச்சூழல் திட்டங்களுக்கு மானியம் தருகிறது. கொடிமலையில் இயங்கும் ‘தி ஹாபிடாட்’ என்ற காட்டுச் சுற்றுலா இடத்தின் அறக்கட்டளையும் இயற்கைப் பாதுகாப்புக்கு உதவுகிறது. கொடிமலை, தாவரப் பூங்கா, தேசியப் பூங்கா இவை அடங்கிய பகுதி 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. உங்கள் இடம் அதற்குள் வந்தால் விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

பெரிய மானியத்துக்கு முதல் வருடமே போகாதீர்கள். 2,000 வெள்ளியை ஒழுங்காகச் செலவழித்து ரசீதோடு கணக்குக் கொடுத்த குழுவுக்குத்தான் அடுத்த கதவு திறக்கும்.

படி 7: பராமரிப்புக்கு உபயம்

எங்களைக் காப்பாற்றியது இந்த முறைதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மானியம் எல்லாம் ஒன்றிரண்டு வருடத்தில் முடிந்துவிடும். அதன் பிறகு மாதா மாதம் வரும் சின்னச் செலவுக்கு யாரிடம் போவது? நம் கோயில்களில் இதற்கு எப்போதோ வழி கண்டுபிடித்துவிட்டார்கள். திருவிழாவின் ஒவ்வொரு நாளுக்கும் ஓர் உபயகாரர். ஒரு குடும்பம், ஒரு கடை, ஒரு சங்கம் அந்த நாளை ஏற்றுக்கொள்ளும். யார் தலையிலும் முழுச் சுமையும் விழாது. அடுத்த வருடம் அதே நாள் வந்தால் அவர்களே முன்வருவார்கள், தாத்தா செய்ததைப் பேரன் தொடர்வான்.

நாங்களும் வருடத்தைப் பன்னிரண்டு மாத உபயமாகப் பிரித்தோம். ஐந்து வருடக் கணக்கின் வலப்பக்கத் தொகையை அறுபதால் வகுத்தோம், ஒரு மாதத்துக்கு எவ்வளவு என்று கிடைத்தது. பிறகு கடை கடையாகப் போனோம். ஒரு மளிகைக்கடைக்காரர் தாளைப் படித்துவிட்டு, “தம்பி, எங்கம்மா திதி நவம்பர்ல வருது, நவம்பர் மாசத்தை எனக்கு எழுதிக்கோ” என்றார். ஒரு நிமிடம் எங்களுக்குப் பேச்சு வரவில்லை. நவம்பரில்தான் கரையில் பறவைகள் நிறைந்திருக்கும். இப்போது ஒவ்வொரு வருடமும் அந்த மாதத்தில் அவர் பேரப்பிள்ளைகளோடு வந்து ஸ்கோப்பில் பார்த்துவிட்டுப் போகிறார். சிலர் பிறந்தநாள் மாதத்தை எடுத்தார்கள், ஒரு பழைய மாணவர் சங்கம் ஜனவரியை எடுத்தது.

செய்யும் முறை எளிது. கரும்பலகை மாதிரி எழுதி அழிக்கும் பலகையில் அந்த மாத உபயகாரர் பெயர் மட்டும். நிரந்தரப் பெயர்ப்பலகை வேண்டாம், பறவையை விடப் பெயர்கள் பெரிதாகிவிடும். மாத முடிவில் அவருக்கு வாட்ஸ்அப்பில் மூன்று விஷயம் அனுப்புங்கள்: எதற்குச் செலவானது, எத்தனை பேர் வந்தார்கள், அந்த மாதம் எடுத்த ஒரு படம். மூன்று வரி போதும், ஆனால் ஒரு மாதம்கூடத் தவறக்கூடாது. மழைக்கால மாதங்களை எடுக்க ஆள் கிடைக்காமல் போகலாம். அந்த இரண்டு மூன்று மாதத்தைக் குழுவே ஏற்றுக்கொள்ளட்டும்.

படி 8: பொதுவில் வசூலிப்பதாக இருந்தால்

தெருவிலோ வீடு வீடாகவோ டின் குலுக்குவதற்கு 1947-ஆம் ஆண்டின் வசூல் சட்டப்படி போலீஸ் உரிமம் வேண்டும். தைப்பூசக் கூட்டத்தில் நிற்பதற்கும் இது பொருந்தும். உரிமம் இல்லாமல் பிள்ளைகளை டின்னோடு அனுப்பாதீர்கள். இணைய வசூல் என்றால் சங்கத்தின் வங்கிக் கணக்கு எண், இலக்குத் தொகை, எதற்காக, மீதம் வந்தால் என்ன செய்வோம் என்ற நான்கும் முதலிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ரசீதுக்கு வரிசை எண் இருக்கட்டும்.

படி 9: விண்ணப்பம் எழுதும்போது

“விழிப்புணர்வை ஏற்படுத்துவோம்” என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். “இப்போது மாதத்துக்கு 30 பேர் வருகிறார்கள், சராசரியாகப் பத்து நிமிடம் நிற்கிறார்கள். தட்டியும் ஸ்கோப்பும் வந்தால் 100 பேர் வந்து அரை மணி நேரம் நிற்பார்கள் என எதிர்பார்க்கிறோம். பறவைகள் கலைவது குறைகிறதா என்று மாதம் இருமுறை எண்ணுவோம்” என்பது போல, உங்கள் நோட்டில் உள்ள எண்களை வைத்து எழுதுங்கள். கூட்டம் கூடிப் பறவை போய்விட்டால் திட்டம் தோற்றது என்றே பொருள். எத்தனை பேர் வந்தால் நிறுத்துவோம், எந்த மாதம் மூடுவோம் என்பதையும் எழுதுங்கள். கட்டுப்பாட்டை எழுதிய குழுவை நிதி கொடுப்பவர்கள் கூடுதலாக நம்புகிறார்கள்.

பலகைகளுக்கு மலாய், தமிழ், சீனம், ஆங்கிலம் நான்குக்கும் மொழிபெயர்ப்புச் செலவைச் சேருங்கள். தமிழ் வாசகத்தை அச்சுக்குப் போகும் முன் ஓர் ஆசிரியரிடம் காட்டிவிடுங்கள். ஒற்றுப் பிழையோடு ஐந்து வருடம் நிற்கப் போகும் பலகை அது.

பணம் வந்த பிறகு

தனி ஃபைல், தனிக் கணக்கு, ஒவ்வொரு ரசீதுக்கும் ஒரு படம். அவ்வளவுதான்.

திறப்பு நாளை அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமையில் வைக்கலாம். அன்று உலக வலசைப் பறவைகள் நாள், பறவைகளும் வந்திருக்கும். அந்தத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். தட்டி ஆகஸ்டில் நிற்க வேண்டும். அப்படியானால் பணம் ஜூனில் கைக்கு வர வேண்டும், விண்ணப்பம் பிப்ரவரியில் போக வேண்டும், இலாகா கடிதங்களுக்கு முந்தைய செப்டம்பரிலேயே எழுதியிருக்க வேண்டும். கையில் இப்போது எதுவும் இல்லையென்றால், காலையில் நீர் ஏறும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை எது என்று அலை அட்டவணையில் பாருங்கள். ஒரு நோட்டு, ஒரு பேனா, தண்ணீர் போத்தல், தொப்பி, கூட வர இரண்டு பேர். நோட்டில் மூன்று நெடுவரிசைக் கோடு போட்டுக்கொண்டு உச்ச நீருக்கு இரண்டு மணி நேரம் முன்னால் பண்ட் மேல் நில்லுங்கள்.